சமன் ஆகிவிட்டது, ஆனால் தப்பு

வேதிச் சமன்பாட்டைச் சமன் செய்ய நமக்கு மூன்று முறைகள் சொல்லித் தந்தார்கள். குத்துமதிப்பாக எண்களைப் போட்டுச் சரிபார்ப்பது, ஆக்சிஜனேற்ற எண் முறை, அயனி-எலக்ட்ரான் முறை. எதில் போனாலும் சேருற ஊர் ஒண்ணுதான், உனக்கு எது வசதியோ அதுல போ, என்பதுதான் எனக்குச் சொல்லப்பட்டது. இருபத்தைந்து வருஷமா நானும் அதை நம்பிக்கிட்டு இருந்தேன்.

போன மாதம் பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்காக பைத்தானில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். யோசனை எளிது. ஒவ்வொரு பொருளின் கெழுவும் ஒரு மாறி, ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு நேரியல் சமன்பாடு. அணியைச் சுருக்கி, கிடைக்கிற விடைகளில் மிகச்சிறிய முழு எண்களை எடுத்துக்கொள்ள வேண்டியது. பியூட்டேன் எரிவதைக் கொடுத்தேன்: 2 பியூட்டேனுக்கு 13 ஆக்சிஜன், 8 கார்பன் டை ஆக்சைடு, 10 நீர். பிரமாதம். அடுத்து அவள் கொடுத்தது அமிலத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வினைபுரிவது. அவள் நோட்டில் இருந்த விடை இது:

2 பெர்மாங்கனேட் + 5 பெராக்சைடு + 3 கந்தக அமிலம் → 1 பொட்டாசியம் சல்பேட் + 2 மாங்கனீசு சல்பேட் + 8 நீர் + 5 ஆக்சிஜன்

என் புரோகிராம் தந்தது:

2 பெர்மாங்கனேட் + 1 பெராக்சைடு + 3 கந்தக அமிலம் → 1 பொட்டாசியம் சல்பேட் + 2 மாங்கனீசு சல்பேட் + 4 நீர் + 3 ஆக்சிஜன்

"அப்பா, உங்க புரோகிராம்ல பக்" என்றாள். ஒரு மணி நேரம் தேடினேன். பக் இல்லை. நீங்களே எண்ணிப் பாருங்கள். ஆக்சிஜன் அணுக்கள் இடப்பக்கம் 8, 2, 12 ஆக 22. வலப்பக்கம் 4, 8, 4, 6 ஆக 22. ஹைட்ரஜன் இரண்டு பக்கமும் 8. பெராக்சைடு 3 என்று வைத்தாலும் சமன் ஆகும், 7 என்று வைத்தாலும் ஆகும். முடிவே கிடையாது.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. பியூட்டேனில் நான்கு கெழுக்கள், மூன்று தனிமங்கள். மிஞ்சுவது ஒரே சுதந்திரம், அதாவது எல்லாவற்றையும் இரட்டிக்கலாம், மூன்று மடங்காக்கலாம், அவ்வளவுதான். இங்கே ஏழு கெழுக்கள், ஐந்து தனிமங்கள். இரண்டு சுதந்திரம். இந்த இரண்டாவது சுதந்திரத்தை அணுக்களை எண்ணி அடைக்கவே முடியாது. லவாய்சியே தன் தராசோடு வந்து நிறுத்திப் பார்த்தாலும் எல்லாச் சமன்பாடும் பாஸ் ஆகிவிடும். நிறை எதிலும் மாறவில்லையே. இதில் வேடிக்கை, எது சரி என்று தெரியாதபோது 'மிகச்சிறிய முழு எண்' என்ற பள்ளி விதியைப் பிடித்தால், அது நம்மைத் தப்பான விடைக்கே கொண்டுபோய் விடுகிறது.

அப்போ 5 எங்கிருந்து வருது? மாங்கனீசு +7 இலிருந்து +2 க்கு இறங்குகிறது, அணுவுக்கு 5 எலக்ட்ரான், இரண்டுக்கு 10. ஒரு பெராக்சைடு மூலக்கூறு ஆக்சிஜன் வாயுவாக மாறும்போது கொடுப்பது 2 எலக்ட்ரான். எனவே 5 பெராக்சைடு. ஆனால் இந்தக் கணக்குக்குள்ளே ஒரு தகவல் சத்தமில்லாமல் நுழைந்துவிட்டது: வெளிவரும் வாயு முழுவதும் பெராக்சைடிலிருந்துதான் வருகிறது, நீரிலிருந்தோ பெர்மாங்கனேட்டிலிருந்தோ இல்லை. இது கணிதம் தரும் தகவல் இல்லை. 1950களில் ஆக்சிஜன்-18 ஐ அடையாளமாக வைத்துச் சோதனை செய்து உறுதிப்படுத்திய விஷயம். என் புரோகிராமின் விடையில் 3 மூலக்கூறு வாயு வருகிறது, பெராக்சைடு கொடுக்க முடிவது ஒன்றுதான். மீதி இரண்டும் வேறெங்கிருந்தோ வந்தாக வேண்டும்.

இது ஒன்றும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. பெராக்சைடின் செறிவை அளக்க பெர்மாங்கனேட்டால் தரம்பார்ப்பார்கள். நாங்க பிளஸ் டூ லேப்ல இரும்பு உப்பை வைத்து, இளஞ்சிவப்பு நிலைக்கிற அந்தக் கடைசிச் சொட்டுக்காகக் காத்திருந்தோமே, அதே வேலைதான். அங்கே 2:5 என்பதற்குப் பதிலாக 2:1 போட்டுக் கணக்கிட்டால், 3 சதவீதக் கரைசல் 0.6 சதவீதம் என்று வரும். சமன் செய்த சமன்பாடுதான், விடை மட்டும் ஐந்து மடங்கு தப்பு.

அதனால் என் குறை குத்துமதிப்பு முறை மேல் இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது நல்ல பயிற்சி. மெக்னீசியம் எரிவதற்கு எலக்ட்ரானை எண்ணச் சொல்வது கொடுமை. குறை, மூன்றையும் ஒரே தட்டில் வைப்பதில்தான். முதலாவது, எழுதி வைத்ததைச் சரிபார்க்கிறது. மற்ற இரண்டும் யார் எலக்ட்ரானைக் கொடுக்கிறார், யார் வாங்குகிறார் என்ற வேதியியலை உள்ளே கொண்டுவருகின்றன. 'கடினமான கணக்குகளுக்கு வசதியான முறை' என்று அதை அறிமுகப்படுத்தும்போது இந்த வித்தியாசம் காணாமல் போகிறது. நான் மதிப்பெண் வாங்கினேன், இது தெரியாமலே.

இப்போது ஒன்றுக்கு மேல் சுதந்திரம் இருந்தால் என் புரோகிராம் விடை சொல்லாது. வாயு எதிலிருந்து வருகிறது என்று கேட்டு நிற்கும். நேற்று மகள் தாமிரத்தையும் நைட்ரிக் அமிலத்தையும் கொடுத்து, வலப்பக்கம் நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு இரண்டையும் போட்டுவிட்டாள். மறுபடியும் இரண்டு சுதந்திரம். ஆனால் இதில் நோட்டைப் பார்த்தும் பயனில்லை. நீர்த்த அமிலத்தில் முதல் வாயு அதிகம், அடர் அமிலத்தில் இரண்டாவது. "பாட்டில்ல இருக்கறது எவ்வளவு ஸ்ட்ராங்குன்னு கேக்கச் சொல்லுங்கப்பா" என்கிறாள். அதை எப்படிக் கோடில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.