நார்னியாக் கதைகளும் சிறுவர் கருத்தும்

முன்னுரை

சிறுவர்க்கென எழும் நூல்களை எழுதுவோர் பெரியோர்; பதிப்பிப்போர் பெரியோர்; விலை கொடுத்து வாங்குவோரும் பெரியோர்; அவற்றின் தகுதியை ஆராய்ந்து பரிசளிப்போரும் பெரும்பாலும் பெரியோரே. யாருக்காக நூல் எழுந்ததோ அவர்தம் கருத்துப் பதிவு பெறாமலே மறைந்து போகின்றது. திறனாய்வுத் துறையில் இஃது ஒரு பெருங்குறை. ஆக்கியோன் பெயர் முதலாக நன்னூல் எண்ணும் சிறப்புப் பாயிரத்து எட்டுப் பொருள்களுள் ‘கேட்போர்’ என்பதும் ஒன்று. கேட்போரை நூலின் இலக்கணத்துள் அடக்கிய மரபில் வந்த நாம், சிறுவர் நூலை ஆராயுங்கால் அச்சிறுவரை வாயிற்புறத்தே நிறுத்திவிடுதல் முறையாகாது.

ஆயின், சிறுவர் கருத்தை எவ்வாறு மதிப்பது? அது மழலை என ஒதுக்கத் தக்கதா? அன்றிக் கள்ளமற்ற உள்ளத்தின் தீர்ப்பென அப்படியே ஏற்கத் தக்கதா? இவ்வினாவிற்கு விடை காண்பதற்கு ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் இயற்றிய நார்னியாக் கதைகள் நல்லதொரு களமாக அமைகின்றன. அக்கதைகளைப் படித்த சிறுவர் ஆசிரியருக்கு மடல் எழுதினர், ஆசிரியரும் விடையிறுத்தார். அவ்விடைகள் தொகுக்கப்பெற்று 1985-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்துள்ளன. ஒரு சிறுவன் கூறிய கருத்து, அந்நூல்கள் இன்று அச்சாகும் வரிசையையே மாற்றுதற்குச் சான்றாக எடுத்தாளப்பட்டது என்பதும் கருதத்தக்கது. அவற்றை ஈண்டு ஆராய்வோம்.

நூலும் அதன் உலகங்களும்

லூயிஸ் 1898-இல் அயர்லாந்து நாட்டுப் பெல்பாஸ்ட் நகரில் பிறந்தவர், ஆக்ஸ்போர்டிலும், பின்னர்க் கேம்பிரிட்ஜிலும் இலக்கியம் கற்பித்தவர், 1963-இல் மறைந்தார். நார்னியாக் கதைகள் ஏழு. ‘சிங்கமும் சூனியக்காரியும் அலமாரியும்’ 1950-இல் வெளிவந்தது. ‘இளவரசன் காஸ்பியன்’, ‘டான் ட்ரெடர் கப்பலின் பயணம்’, ‘வெள்ளி நாற்காலி’, ‘குதிரையும் அதன் சிறுவனும்’, ‘மந்திரவாதியின் மருமகன்’ ஆகியன ஆண்டுக்கொன்றாகத் தொடர்ந்தன. 1956-இல் வந்த ‘இறுதிப் போர்’ ஏழாவது. அவ்வாண்டிற்குரிய கார்னெகிப் பதக்கம் பெற்றதும் அதுவே.

போர்க்காலத்தில் இலண்டனை விட்டு நாட்டுப்புற மாளிகையொன்றிற்கு அனுப்பப்பெற்ற சிறுவர் நால்வர், ஆங்குள்ள அலமாரி வழியே வேறோர் உலகினுள் புகுகின்றனர். அவ்வுலகம் நம் உலகத்தின் தொலைவிடம் அன்று. நம் உலகத்தோடு ஒருங்கே நின்று, அதனோடு கலவாதிருப்பது. அதன் காலமும் வேறு. நால்வரும் ஆங்குப் பல்லாண்டு அரசு வீற்றிருந்து மீளும்பொழுது ஈண்டு ஒரு நொடியும் கழிந்திலது. ஓராண்டு கழித்து மீண்டும் சென்றபொழுதோ, ஆங்குப் பல நூற்றாண்டுகள் உருண்டோடிவிட்டன. அவர்தம் அரண்மனையே பாழடைந்து கிடக்கின்றது. ஆறாவதாக வெளிவந்த நூலில், அமைதியானதொரு காடும், அதனுள் எண்ணற்ற குளங்களும், குளந்தோறும் ஓர் உலகிற்கு வாயிலும் காட்டப்படுகின்றன.

இத்தகு கதை இலக்கியமாகுமா என ஐயுறுவார்க்குத் தொல்காப்பியர் விடை தருகின்றார். உரை வகை நான்கனுள், உலகியலிற் காணப்படாத பொய்ப்பொருள் பற்றி வருவதனையும் அவர் ஒன்றாக வைத்தார். எண்வகை மெய்ப்பாட்டுள் மருட்கைக்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கு நிலைக்களன் கூறினார். அலமாரியில் தொங்கும் உடைகளுக்கு அப்பால் பனி பொழியும் காடு தோன்றுதல் புதுமை. அஸ்லான் என்னும் அரிமாவின் தோற்றம் பெருமை. உருவிற் சிறிய எலியொன்று வாளேந்தி வீரம் விளைத்தல் சிறுமை. யூஸ்டஸ் என்னும் சிறுவன் பறவைநாகமாக மாறுதல், ஒன்று பிறிதொன்றாகும் ஆக்கம். நான்கும் ஒருங்கே அமைந்த கதை இது.

சான்றுகளின் இயல்பு

சிறுவர் கருத்துகளைக் காணுமுன் அவற்றைத் தாங்கி நிற்கும் சான்றின் இயல்பை உணர்தல் வேண்டும். நம் கைக்கு எட்டியவை பெரும்பாலும் ஆசிரியரின் விடைகளே. சிறுவர்தம் வினாக்களை அவ்விடைகளினின்று உய்த்துணர வேண்டியுள்ளது. கூற்றின்றி மாற்றம் மட்டும் கிடைத்தால் எவ்வளவு துணியலாமோ அவ்வளவே ஈண்டும் துணிதல் அமையும். மேலும், நூலை விரும்பிய சிறுவனே ஆசிரியருக்கு எழுதுவான். பாதியிற் கீழே வைத்தவன் எழுதான். ஆதலின் இம்மடல்கள் சிறுவர் அனைவரின் குரல் அல்ல. ஆர்வமிக்க ஒரு சாராரின் குரலே. இவ்வெல்லையை மனத்திற் கொண்டு மேற்செல்வோம்.

குறியீடு பற்றிய கருத்து

1953-ஆம் ஆண்டில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி, அஸ்லானுக்கு நம் உலகில் வழங்கும் மற்றொரு பெயர் யாது என வினவினாள். அப்படியொரு பெயர் உண்டு என மூன்றாவது கதையின் இறுதியில் அஸ்லானே கூறுவதால் எழுந்த வினா இது. லூயிஸ் பெயரைக் கூறவில்லை. கிறித்துவின் பிறப்பு, பாடு, உயிர்த்தெழுகை ஆகியவற்றைக் குறிப்பாற் சுட்டி, அத்தகையார் ஒருவர் இவ்வுலகில் இருந்ததில்லையா என எதிர்வினா விடுத்து, அவளையே எண்ணிப் பார்க்கச் செய்தார்.

அடுத்த ஆண்டு, அமெரிக்க நாட்டு மேரிலாந்துப் பகுதிப் பள்ளியொன்றின் ஐந்தாம் வகுப்பு மாணவர், கதையில் வரும் ஒவ்வொன்றும் இவ்வுலகப் பொருள் ஒன்றனைக் குறிப்பதாகக் கருதி எழுதினர். ஆசிரியர் அதனை மறுத்தார். நார்னியா போன்றதோர் உலகு இருப்பின், ஆங்கு இறைமகன் அரிமாவாகத் தோன்றின், யாது நிகழும் எனத் தாம் எண்ணிப் பார்த்ததே கதை என விளக்கினார். இன்னது இன்னதற்கு ஈடு என ஒட்டும் ஓர் உருவகமாகத் தம் நூலைக் கொள்ளலாகாது என்பது அவர் கருத்து.

இவற்றிற்கு நேர்மாறான சான்றும் உண்டு. அமெரிக்கத் திறனாய்வாளர் லாரா மில்லர், தாம் சிறுமியாயிருந்தபொழுது இக்கதைகளில் சமயப் பொருள் எதனையும் காணாது உளந்தோய்ந்து கற்றதனையும், பின்னர் அப்பொருளை அறிந்தபொழுது ஏமாற்றப்பட்டதாக உணர்ந்ததனையும் 2008-இல் வெளியிட்ட நூலில் எழுதியுள்ளார்.

இம்மூன்றனையும் ஒருங்கு வைத்து நோக்கின், ‘சிறுவர் கருத்து’ என ஒருமையாற் கூறத்தக்கது ஒன்று இல்லை என்பது புலனாகும். ஒருத்தி புதிரின் விடையை நாடினாள்; ஒரு வகுப்பினர் எல்லாவற்றிற்கும் பொருத்தம் தேடினர்; பிறிதொருத்தி அவ்வுலகை உலகாகவே கண்டாள். சிறுவர் உள்ளம் குறியீட்டை அறியாது என்பாரும், சிறுவர் உள்ளம் அதனை எளிதின் உணரும் என்பாரும் ஒரு பாற் சான்றையே கொண்டவராவர்.

சூசன் பற்றிய வினா

முதற்கதையில் முடி சூடிய நால்வருள் சூசனும் ஒருத்தி. ‘இறுதிப் போர்’ என்னும் நூலிலோ, அவள் நார்னியாவை மறந்து ஒப்பனையிலும் விருந்தழைப்பிலும் மனம் வைத்தாள் என ஏனையோர் கூறுகின்றனர். மற்றையோரெல்லாம் அஸ்லானின் நாட்டை எய்த, அவள் மட்டும் எய்திலள்.

அவள் என் ஆனாள் என்னும் வினாவிற்கு லூயிஸ் 1957-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஒரு சிறுவனுக்கு விடை எழுதினார். அவள் இவ்வுலகில் உயிருடன் இருக்கின்றாள். திருந்துதற்குக் காலம் நிரம்ப உண்டு. தனக்குரிய வழியில் ஒருகால் அந்நாட்டை எய்துதலும் கூடும் என்பது அதன் கருத்து. எழுதாது விட்ட இடங்களை நீங்களே எழுதி நிரப்புக எனவும் அவர் சிறுவரை ஊக்கினார்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. எழுத்தாளர் பிலிப் புல்மன் 1998-இல் நார்னியாக் கதைகளைக் கடுமையாக மறுத்து எழுதியபொழுது சூசனுக்கு நேர்ந்ததனையும் குற்றமாக எடுத்துக்காட்டினார். நீல் கெய்மன் 2004-இல் சூசனின் சிக்கலையே பொருளாகக் கொண்டு சிறுகதை ஒன்று யாத்தார். பெரியோர் வழக்காக எடுத்த இப்பொருளைச் சிறுவர் நாற்பதாண்டுகளுக்கு முன்னரே வினாவாக எழுப்பிவிட்டனர். அவர்கள் கோட்பாடு எதனையும் துணைக்கொள்ளவில்லை. கதையின் தொடக்கத்தில் ஒருவர்க்குத் தந்த இடத்தை முடிவில் ஏன் பறித்தீர் என்பதே அவர்தம் வினாவின் உள்ளீடு. பாத்திரப் படைப்பின் ஒருமைப்பாடு பற்றிய வினா அது. திறனாய்வின் பாற்பட்ட வினாவே என்பதில் ஐயமில்லை.

வரிசை பற்றிய கருத்து

இனி, இக்கட்டுரையின் தலையாய பொருளுக்கு வருவோம். அமெரிக்கச் சிறுவன் ஒருவன் ஒன்பது வயதில், தான் இயேசுவினும் அஸ்லானை மிகுதியாக நேசிக்கின்றோமோ என அஞ்சினான். அவன் தாயார் 1955-இல் அதனை லூயிசுக்கு எழுதி ஆறுதல் மொழி பெற்றார். ஈராண்டு கழித்து, ஏழு நூல்களும் வெளிவந்த பின்னர், தாய்க்கும் மகனுக்கும் ஒரு கருத்து வேறுபாடு எழுந்தது. வெளிவந்த வரிசையிலேயே கற்றல் வேண்டும் என்பது தாயின் கருத்து. கதையுள் நிகழ்ச்சிகள் நடந்த கால வரிசையிற் கற்றல் வேண்டும் என்பது மகனின் கருத்து. அவ்வாறாயின், நார்னியா தோன்றிய வரலாறு கூறும் ‘மந்திரவாதியின் மருமகன்’ முதலாவதாக நிற்கும்.

1957 ஏப்பிரல் 23-ஆம் நாள் லூயிஸ் சிறுவனுக்கு எழுதிய மடலில், தாயின் வரிசையினும் மகனின் வரிசையையே தாம் ஏற்பதாகக் கூறினார். முதல் நூலை எழுதுங்கால் அடுத்ததொன்று எழுதும் எண்ணமே தமக்கு இல்லை எனவும், தொடர் முழுதும் முன்னரே திட்டமிட்டதன்று எனவும் தெரிவித்தார். இறுதியில், எவ்வரிசையிற் கற்றாலும் பெரிதும் வேறுபாடில்லை போலும் எனவும் கூறி முடித்தார். ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் 1994-இல் அமெரிக்காவில் வெளியிட்ட பதிப்பு, கதைக்கால வரிசையில் நூல்களுக்கு எண் இட்டது. அதற்கு ஆதரவாக இம்மடலையே சுட்டுவாராயினர்.

இக்கருத்தை நூலின் அகச்சான்று கொண்டு ஆராய்தல் வேண்டும். முதலில் வெளிவந்த நூலில், பனிக்காட்டின் நடுவே தெருவிளக்குக் கம்பம் ஒன்று எரிந்துகொண்டு நிற்கின்றது. அஃது ஏன் ஆங்கு நிற்கின்றது என்பது சொல்லப்படவில்லை. அலமாரிக்கு அவ்வாற்றல் எவ்வாறு வந்தது என்பதும் சொல்லப்படவில்லை. ஆறாவது நூலே இரண்டற்கும் காரணம் கூறுகின்றது: இலண்டன் தெருவிளக்கின் இரும்புத் துண்டு புதிய மண்ணில் வேரூன்றி வளர்ந்தது, நார்னியக் கனியின் வித்திலிருந்து வளர்ந்த மரமே அலமாரியாயிற்று. மேலும், முதல் நூலில் அஸ்லானின் பெயர் முதன்முதல் ஒலிக்குமிடத்து, அவன் யாரென அச்சிறுவர் அறியார், படிக்கும் நீங்களும் அறியீர் என்னும் கருத்துப்படக் கதைசொல்லி கூறுகின்றார். ஆறாவது நூலை முன்னர்க் கற்றவனிடத்து இக்கூற்றுப் பொய்யாகிவிடும். அஸ்லான் பாடி உலகைப் படைத்ததனை அவன் முன்னரே கண்டுவிட்டான் அல்லனோ?

மருட்கை அறிவு நிரம்பாத நிலையிற் பிறப்பது. காரணம் முழுதும் அறிந்தபின் அவ்வுணர்வு தங்காது. ஆதலின் முதன்முறை கற்பார்க்கு வெளிவந்த வரிசையே ஏற்றது என்பது எம் துணிபு. நன்னூலார் கூறும் நூலழகு பத்தனுள் ‘முறையின் வைப்பு’ ஒன்று. வைப்புமுறை என்பது நிகழ்ச்சிகளின் கால முறை மட்டுமன்று. உணர்வு வளர்தற்கு ஏற்ற முறையும் ஆகும்.

அங்ஙனமாயின் அச்சிறுவன் பிழைபட்டானோ? இல்லை. அவன் கருத்து எந்நிலையில் எழுந்தது என நோக்குக. ஏழு நூல்களும் முடிந்த பின்னர், அவற்றை ஓர் உலகின் வரலாறாகக் கோத்துக் காண அவன் விழைந்தான். இது மறுவாசிப்பின் வரிசை. உலகின் தோற்றம் முதல் முடிவு வரை ஓரொழுங்கு இதனுள் உண்டா எனச் சோதித்த அவன் செயல், நுண்ணிய வாசகன் செயலே. ‘உலகம் மலையாமை’ என்னும் அழகு, படைக்கப்பெற்ற உலகம் தன் விதிக்குத் தானே முரணாதிருத்தலையும் வேண்டும் எனக் கொள்வோமாயின், அச்சிறுவன் ஆராய்ந்தது அவ்வழகையே. முழுவதும் கற்றவன் கூறிய கருத்தை, தொடங்கவே இல்லாதவனுக்கு விதியாக்கியதே தவறு. அத்தவறு பெரியோருடையது. அன்றியும், ஆசிரியர் மடலின் முற்பகுதியை ஏற்று, வரிசை பெரிதன்று எனும் பிற்பகுதியை விடுத்தலும் சான்றாண்மைக்கு இழுக்கு.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும். சிறுவர் கருத்துப் பலவாகும். அதனை ஒன்றாக்கிப் பேசுதல் கூடாது. சிறுவர் வினாக்கள் நூலின் கட்டுக்கோப்பு, பாத்திர ஒருமைப்பாடு, பொருளாழம் ஆகியவற்றைத் தொடுவன. ஆதலின் அவை திறனாய்வுக்கு உரியன. அக்கருத்தும் பிற கருத்துகளைப் போன்றே நூலின் அகச்சான்றோடு ஒப்பிட்டு ஆராயப்படல் வேண்டும். சிறுவன் சொன்னான் என்பதனால் ஏற்றலும், சிறுவன் தானே எனத் தள்ளுதலும் ஒக்கும் பிழையே.

குழந்தை இலக்கியத்தை ஆய்வுப்பொருளாகக் கொள்ளும் மாணவர் ஒன்று செய்தல் வேண்டும். சிறுவரிடம் நூலை அளித்துக் கருத்தறியுங்கால், அக்கருத்து முதல் வாசிப்பில் எழுந்ததா, மறுவாசிப்பில் எழுந்ததா என்பதனைக் குறித்தல் வேண்டும்; தம் விளக்கத்தை உரைக்குமுன் அவர்தம் வினாவைக் கேட்ட சொல்லிலேயே பதிவு செய்தல் வேண்டும். லூயிசின் விடைகள் நமக்குக் கிடைத்தன. அவற்றை எழுப்பிய வினாக்களிற் பல கிடைத்தில. அவ்விழப்பு நம் ஆய்வுகளிலும் நேராதிருப்பதாக.