ஆற்றில் கலப்பது யார் கழிவு? பாலியோமா சோதனையின் பலமும் வரம்பும்

தாமிரபரணித் தண்ணீர் குளிக்கத் தகுமா என்ற கேள்விக்கு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் முதலில் பார்ப்பது கோலிஃபார்ம் பாக்டீரியாவின் எண்ணிக்கையை. நூறு மில்லி நீரில் மலக் கோலிஃபார்ம் 500-க்குள் இருப்பது நல்லது, 2,500-ஐத் தாண்டக் கூடாது என்பது மத்திய வாரியத்தின் அளவுகோல். செலவு குறைந்த, ஊர் ஊராகச் செய்யக்கூடிய சோதனை இது. ஆனால் மனிதக் குடலில் இருக்கும் அதே கோலிஃபார்ம் மாட்டுக் குடலிலும் ஆட்டுக் குடலிலும் இருக்கிறது. ஆகவே, ‘இது ஊர்ச் சாக்கடை’ என்று ஒரு தரப்பு சொன்னால், ‘எருமை இறங்கிய தண்ணீர்’ என்று மறுதரப்பு எளிதாகச் சொல்லிவிடலாம். எண் கூடியது தெரியும். யாரால் கூடியது என்பது தெரியாது.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் பாலியோமா வைரஸைத் தேடும் முறை வந்தது. 1971-இல் இரண்டு மனித பாலியோமா வைரஸ்கள் அடையாளம் காணப்பட்டன. சிறுநீரக மாற்று செய்துகொண்ட ஒருவரின் சிறுநீரில் கிடைத்தது பிகே. அரிய மூளை நோய் கண்ட ஒருவரின் மூளைத் திசுவில் கிடைத்தது ஜேசி. பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே இவை தொற்றிவிடுகின்றன. பிறகு சிறுநீரகத்தில் தங்கி, நோய் எதுவும் காட்டாமல், அவ்வப்போது சிறுநீரில் வெளியேறுகின்றன. மாட்டுக்கு வேறு பாலியோமா, பறவைக்கு வேறு. ஒன்றின் வைரஸ் மற்றொன்றில் பொதுவாகப் பெருகுவதில்லை. 2000-இல் பார்சிலோனா ஆய்வுக் குழு ஒன்று ஸ்பெயின், பிரான்ஸ், சுவீடன், தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் நகரச் சாக்கடைகளில் மனித பாலியோமாவைத் தேடியது. வெகு தூரம் தள்ளியிருக்கும் ஊர்களிலும் அது பரவலாகக் கிடைத்தது. மாட்டுப் பாலியோமாவைக் கொண்டு கால்நடைக் கழிவைத் தனியே அடையாளம் காணும் சோதனையும் பின்னர் சேர்ந்தது.

நம் ஆற்றுக்கு இந்த முறையின் முதல் பலம் இந்தப் பிரித்தறியும் திறன்தான். இரண்டாவது பலம் வெப்பத்தோடு தொடர்புடையது. நம் ஊர் வெயிலில் சூடேறிய வண்டலில் கோலிஃபார்ம் தங்கிப் பெருகவும் கூடும். அப்போது பழைய மாசு புது மாசாகக் கணக்கில் ஏறும். வைரஸ் உடலுக்கு வெளியே பெருகாது. ஆற்றில் இருப்பதெல்லாம் யாரோ ஒருவரிடமிருந்து வந்ததுதான்.

இனி வரம்புகள். ஆற்றில் வைரஸ் மிகவும் நீர்த்திருக்கும். முதலில் அதைத் திரட்ட வேண்டும். பரவலாகக் கையாளப்படும் ஒரு வழியில், பத்து லிட்டர் நீரை அமிலமாக்கி, கொழுப்பு நீக்கிய பால் பவுடர்க் கரைசலைச் சேர்த்து, எட்டு மணி நேரம் கலக்குவார்கள். இன்னொரு எட்டு மணி நேரத்தில் திரிந்த பாலோடு வைரஸும் அடியில் படியும். அந்த வண்டலிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, அதைப் பல மடங்கு பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் கருவிக்குக் கொடுப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கலங்கி வரும் செந்நீரில் இந்த வேலை சிக்கலாகும். களிமண்ணும் மட்கிய இலைதழைகளின் சாறும் பிசிஆர் வினையையே முடக்கிவிடும். கருவி ‘இல்லை’ என்று சொன்னால், வைரஸ் இல்லையா, கருவியால் பார்க்க முடியவில்லையா என்ற ஐயம் எழும். ஒவ்வொரு மாதிரியிலும் தெரிந்த வைரஸ் ஒன்றைக் கலந்து சரிபார்க்காத முடிவை நம்ப முடியாது.

அடுத்த வரம்பு, இது சிறுநீரின் சாட்சி என்பது. ஆடி அமாவாசையன்று பாபநாசம் படித்துறையில் கூட்டம் குளித்தாலே சோதனை ‘உண்டு’ என்று காட்டலாம். 2018-இல் நடந்த மகா புஷ்கரம் என்ற நீராடல் விழா போன்ற நாட்களில் சொல்லவே வேண்டாம். அதைச் சாக்கடைக் கலப்புக்குச் சான்றாக நீட்டினால் வழக்கு நிற்காது. மேலும், பிசிஆர் டிஎன்ஏவைத்தான் பார்க்கிறது; வைரஸ் தொற்றும் நிலையில் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. எல்லாவற்றையும் விட ஆபத்தானது, ‘இல்லை’ என்ற முடிவைத் தூய்மை என்று படிப்பது. மனித வைரஸே இல்லாத நீரிலும் கால்நடை வழியே எலிக்காய்ச்சல் கிருமி வரலாம்.

இதே வைரஸை மருத்துவமனையில் தேடுவதோடு ஒப்பிட்டால் விஷயம் தெளிவாகும். சிறுநீரக மாற்று செய்துகொண்டவரின் ரத்தத்தில் பிகே வைரஸ் ஏறினால், மருத்துவர் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் குறைப்பார். பொருத்திய சிறுநீரகத்தைக் காப்பாற்ற அதுவே முதல் வழி. அங்கே முடிவு வந்ததும் செய்ய வேண்டியது இன்னதென்று தெரியும். அப்படி ஒரு தீர்மானம் காத்திருந்தால்தான் ஆற்றிலும் இந்தச் சோதனைக்கு மதிப்பு.

திருநெல்வேலி மாநகரில் கண்ணெதிரே ஓடை ஓடையாகச் சாக்கடை ஆற்றில் இறங்கும் இடத்தில் பிசிஆர் எதற்கு? அங்கே தேவை பாதாளச் சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும். விஞ்ஞானச் சான்று வரட்டும் என்று காத்திருப்பது காலம் கடத்துவதற்கே உதவும். கண்ணால் தீர்க்க முடியாத இடங்கள் வேறு. பழவூர் அணைக்கட்டிலிருந்து வரும் பாளையங்கால்வாய் வீடுகளையும் தொழுவங்களையும் ஒருசேரத் தொட்டு ஓடுகிறது. சீவலப்பேரியில் சிற்றாறு வந்து சேரும்போது எந்த ஊரின் கழிவு அதனோடு வருகிறது என்பதும் பார்த்தால் தெரியாது. அங்கெல்லாம் மனித, மாட்டு வைரஸ்களை ஒரே மாதிரியில் சேர்த்து அளந்தால், பணத்தைக் கழிப்பறைக்குச் செலவிடுவதா, தொழுவத்துக்குச் செலவிடுவதா என்று முடிவெடுக்கலாம். ஒரு முறை ‘உண்டு, இல்லை’ பார்த்தால் போதாது. கால்வாயின் மேற்புறத்திலும் கீழ்ப்புறத்திலும், கோடையிலும் மழையிலும் அளவு எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும்.

கருவி ஒரு தடையில்லை. கொரோனா காலத்தில் பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரியிலேயே பிசிஆர் சோதனை நடந்தது. ஆற்று நீரைத் திரட்டும் பயிற்சியும், தொடர்ந்து மாதிரி எடுக்கும் ஏற்பாடும்தான் கூடுதலாக வேண்டும். கோலிஃபார்ம் கணக்கு நிற்காமல் நடக்கட்டும். ஆபத்தை எச்சரிப்பது அதுதான். பழி யார் மீது என்று சண்டை வரும் இடத்தில் மட்டும் பாலியோமாவைக் கூப்பிடலாம். எல்லா நீருக்கும் அதையே அளவுகோலாக்கினால் செலவு ஏறும், ஆறு அப்படியே இருக்கும்.