சைலண்ட் ஹில் 2: எது உண்மையான முடிவு?

சைலண்ட் ஹில் 2 என்பது ஜப்பானின் கொனாமி நிறுவனம் 2001-ஆம் ஆண்டு பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக வெளியிட்ட திகில் சாகச வீடியோ கேம் ஆகும். 1999-இல் தொடங்கிய சைலண்ட் ஹில் வரிசையில் இது இரண்டாவது. போலந்து நாட்டின் புளூபர் டீம் நிறுவனம் இதைப் புதிதாக உருவாக்க, 2024 அக்டோபரில் மீண்டும் வெளிவந்தது. 20 ஆண்டுகளுக்கு மேலாகியும் இதன் கதையையும் முடிவையும் பற்றி ரசிகர்கள் ஓயாமல் விவாதிக்கிறார்கள். அந்த விவாதத்தில் எது நிற்கும், எது நிற்காது என்று இக்கட்டுரை பார்க்கிறது. கதையின் மர்மம் முழுவதும் இங்கே சொல்லப்படுகிறது. இது 17 வயது நிறைந்தவர்களுக்கான விளையாட்டு என்பதையும் மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

கதைச் சுருக்கம்

ஜேம்ஸ் சண்டர்லேண்ட் என்பவனுக்கு அவன் மனைவி மேரியிடமிருந்து கடிதம் வருகிறது. அவளோ நோயால் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டதாக அவன் நம்புகிறான். கடிதம் அழைத்த இடமான சைலண்ட் ஹில் என்ற ஊருக்குப் போகிறான். ஊர் மூடுபனியில் மறைந்து, ஆளரவமற்றுக் கிடக்கிறது. அங்கே மேரியின் சாயல் கொண்ட மரியா என்ற பெண்ணையும், மேரியை அறிந்த லாரா என்ற சிறுமியையும் சந்திக்கிறான். இறுதியில் ஒரு விடுதி அறையில் வீடியோ நாடா ஒன்றைப் போட்டுப் பார்க்கும்போது உண்மை வெளிப்படுகிறது. நோயுற்ற மனைவியைத் தலையணையால் அழுத்திக் கொன்றவன் ஜேம்ஸே.

முடிவுகள்

முதல் ஆட்டத்தில் கிடைக்கக்கூடிய முக்கிய முடிவுகள் மூன்று.

- வெளியேறுதல்: ஜேம்ஸ் தன் குற்றத்தை ஏற்று, லாராவுடன் ஊரை விட்டுப் போகிறான்.
- நீருக்குள்: மேரி இல்லாமல் வாழ விரும்பாமல் ஏரியில் உயிரை விடுகிறான்.
- மரியா: மேரிக்குப் பதிலாக மரியாவை அழைத்துக்கொண்டு கிளம்புகிறான். மரியா இருமத் தொடங்குகிறாள். பழைய கதை மீண்டும் தொடங்கும் என்பது குறிப்பு.

இவை தவிர மறுமுறை ஆடுவோருக்கான முடிவும், எல்லாவற்றுக்கும் ஒரு நாயே காரணம் என்று சொல்லும் வேடிக்கை முடிவும் உண்டு. 2024 பதிப்பில் மேலும் இரண்டு சேர்ந்தன.

எந்த முடிவு வரும் என்பதை ஆடுபவர் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பதில்லை. அவர் எப்படி ஆடினார் என்பதை விளையாட்டே அவருக்குத் தெரியாமல் கணக்கெடுக்கிறது. காயம் பட்டவுடன் மருந்து போட்டுக்கொண்டாரா, மேரியின் படத்தையும் கடிதத்தையும் எடுத்துப் பார்த்தாரா என்பவை முதல் முடிவுக்குச் சேரும். காயத்தோடேயே திரிந்தால், ஏஞ்சலா என்ற பெண் கொடுத்த கத்தியை எடுத்து எடுத்துப் பார்த்தால் இரண்டாம் முடிவு நெருங்கும். மரியாவை விட்டு விலகாமல் காத்து நின்றால் மூன்றாவது.

ரசிகர்களின் வாதங்கள்

முதல் வாதம் மேரி இறந்த காலம் பற்றியது. மூன்று ஆண்டுகள் என்பது ஜேம்ஸின் கூற்று மட்டுமே. லாராவோ மேரியைக் கடந்த ஆண்டுதான் மருத்துவமனையில் பார்த்ததாகச் சொல்கிறாள். மேரி அவளுக்கு எழுதிய கடிதத்தில் எட்டாம் பிறந்தநாள் வாழ்த்து இருக்கிறது. லாராவுக்கு எட்டு வயது நிறைந்தது சென்ற வாரம். எனவே மேரி அண்மையில்தான் இறந்தாள் என்ற முடிவுக்கு ரசிகர்கள் வருகிறார்கள். ஜேம்ஸின் கையிலுள்ள கடிதம் பிற்பகுதியில் வெற்றுத்தாளாகிவிடுவதும் அவன் நினைவை நம்ப முடியாது என்பதற்குச் சான்று. உரைக்குள்ளிருந்தே சான்று காட்டும் இவ்வாதம் உறுதியானது.

இரண்டாவது வாதம் நான்காம் பாகத்தைச் சார்ந்தது. 2004-இல் வந்த அதில் ஜேம்ஸின் தந்தை பிராங்க் இடம்பெறுகிறார். மகனும் மருமகளும் சைலண்ட் ஹில்லில் காணாமல் போனார்கள் என்ற குறிப்பும் வருகிறது. ஆகவே நீருக்குள் என்பதே உண்மை முடிவு என்பர் சிலர். காணாமல் போனவர் எல்லோரும் இறந்தவர் ஆகிவிட மாட்டார். தந்தையிடம் உண்மையைச் சொல்ல முடியாத மகனும் காணாமல் போகலாம்.

மூன்றாவது, ஜேம்ஸ் அந்த ஊரில் திரும்பத் திரும்பச் சுழல்கிறான் என்பது. முதல் பதிப்பிலேயே ஜேம்ஸின் தோற்றமுள்ள பிணம் ஒன்று தொலைக்காட்சிப் பெட்டி முன் கிடக்கும். 2024 பதிப்பில் சிதறிக் கிடக்கும் புகைப்படங்களில் மறைந்திருந்த செய்தியை ஒரு ரசிகர் கண்டுபிடித்தார்: ஜேம்ஸ் இங்கே வந்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன என்பது அதன் பொருள். இக்கருத்துக்குச் சான்று இருக்கிறது. ஆனால் கதைக்கு இது நன்மை செய்யவில்லை என்பது என் மதிப்பீடு. எல்லா முடிவும் அழிந்து மறுபடி தொடங்கும் என்றால், மருந்து போட்டதற்கும் கத்தியைப் பார்த்ததற்கும் வேறுபாடு இல்லாமல் போகிறது.

"உண்மையான முடிவு எது சார்?" என்றுதான் மாணவர்கள் கேட்பார்கள். முதல் பாகத்துக்கு விடை உண்டு: 2003-இல் வந்த மூன்றாம் பாகம் அதன் நல்ல முடிவைத் தொடர்ந்தே எழுதப்பட்டது. இரண்டாம் பாகத்துக்கு அப்படி எந்தத் தொடர்ச்சியும் ஒரு முடிவை மட்டும் உறுதிசெய்யவில்லை. இங்கே விடை ஆடுபவரின் நடத்தையில் இருக்கிறது. நோயாளியைக் கவனித்துக் களைத்தவன் ஒருவனை, அவன் கொலை செய்தவன் என்று தெரிந்த பிறகு, நாம் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறோம் என்பதே கேள்வி. நெடுநாள் படுக்கையில் கிடந்தவருக்குப் பணிவிடை செய்த குடும்பங்களுக்கு இக்கேள்வியின் கனம் தெரியும். முடிவுக் காட்சியை மட்டும் வீடியோவில் பார்ப்பவருக்கு அது கிடைக்காது.

பொன்னியின் செல்வன்: ஓர் ஒப்பீடு

முடிவு பற்றிய சர்ச்சை தமிழ் வாசகருக்குப் புதிதன்று. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் பொன்னியின் செல்வன் தொடராக வந்து முடிந்தபோது, கதை சட்டென்று நின்றுவிட்டதாக வாசகர்கள் குறைபட்டார்கள். கல்கி முடிவுரை எழுதி, பாத்திரங்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்று விளக்கினார். ஆனால் ஆதித்த கரிகாலனைக் கொன்ற கை எது என்பதில் ஐயம் ஐயமாகவே நிற்கிறது. உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலியோரைத் துரோகிகள் என்கிறது. அவர்களுக்குப் பின்னால் யாராவது இருந்தார்களா என்பதில் வரலாற்று அறிஞர்கள் வேறுபடுகிறார்கள்.

இரண்டும் ஒரே வகை இடைவெளி அல்ல. ஜேம்ஸின் கதையில் இடைவெளி படைத்தவர்கள் வேண்டுமென்றே விட்டது. கரிகாலன் கதையில் அது சான்று போதாமையால் வந்தது. முன்னதில் பல விடைகள் ஒருங்கே நிற்கலாம். பின்னதில் நடந்தது ஒன்றுதான். நமக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

தனுஷ்கோடியும் சைலண்ட் ஹில்லும்

கைவிடப்பட்ட ஊர் என்றதும் இராமநாதபுரம் மாவட்ட மாணவர்களுக்குத் தனுஷ்கோடி நினைவுக்கு வரும். 1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி வீசிய புயலில் ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் கடலில் சிக்கி 100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சீட்டு வாங்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் எத்தனை பேர் என்பதற்கு உறுதியான கணக்கு இல்லை. அரசு அதை வாழத் தகுதியற்ற ஊர் என அறிவித்தது. இன்று இடிந்த தேவாலயத்தின் முன் நின்று "பேய் நகரம்" என்று திகில் வீடியோ எடுப்பவர்கள் பலர்.

சைலண்ட் ஹில்லின் பேய்கள் வெளியிலிருந்து வந்தவை அல்ல; ஜேம்ஸின் குற்ற உணர்விலிருந்து பிறந்தவை. தனுஷ்கோடியில் இறந்தவர்கள் யாருடைய குற்றத்தின் நிழலும் அல்லர். அவர்களுக்குப் பெயர் உண்டு. உறவினர் பலர் இன்றும் இத்தீவில் வாழ்கிறார்கள். அந்த ரயிலில் என்ன நடந்தது என்பதற்குத் திகில் கதையை ஊகித்து இட்டு நிரப்ப நமக்கு உரிமை இல்லை. கேட்டு எழுதி வைக்கும் கடமைதான் இருக்கிறது.

மதிப்பீடு

சைலண்ட் ஹில் 2 பற்றிய விவாதம் மாணவருக்குப் பயனுள்ள பயிற்சி. லாராவின் பிறந்தநாளை வைத்துக் காலத்தைக் கணக்கிடும் ரசிகர் செய்வது, கல்வெட்டை வைத்து ஆட்சியாண்டைக் கணக்கிடும் ஆய்வாளர் செய்வதே. அத்துடன் இன்னொன்றும் பழக வேண்டும்: முன்னால் இருக்கும் இடைவெளி படைத்தவர் விட்டதா, காலம் அழித்ததா என்று முதலில் கேட்பது. படைத்தவர் விட்டதானால் தாராளமாக வாதாடலாம். காலம் அழித்ததானால் சான்று கிடைக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும்.