வருவது காண்டலும் மெய் காண்டலும்

நாளை நிகழ்வதனை இன்றே அறிந்துகொள்ள வேண்டுமென்னும் வேட்கை மக்களுக்கு இயல்பாய் அமைந்ததொன்று. கோள்நிலை கணித்தலும், நிமித்தம் பார்த்தலும், ஏடு பிரித்துப் பலன் கேட்டலும் அவ்வேட்கையின் வழிப்பட்டனவே. இக்காலத்தில் அவ்வேட்கை அறிவியற் கற்பனை என்னும் கோலம் பூண்டு திரைப்படங்களினும் புகுந்துள்ளது. அவ்வகையில் தமிழில் வெளிவந்தவற்றுள் ஒன்று, 2021ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 25ஆம் நாள் வெளியான ‘மாநாடு’ என்னும் படம். அது வெங்கட் பிரபு இயக்கியது, சிலம்பரசனும் எஸ். ஜே. சூர்யாவும் எதிரெதிர் நின்று நடித்தது. பொழுதுபோக்கின்பொருட்டு எடுக்கப்பட்டதொரு படத்தைச் சித்தாந்த ஆராய்ச்சிக்குரிய ஏட்டிற் கொணர்தல் தகுமோ எனின், தகும். காலத்தைப் பற்றியும் வினையைப் பற்றியும் அப்படம் எழுப்பும் வினாக்கள் நம் ஆசிரியன்மார் முன்னரே எடுத்து ஆராய்ந்தனவாதலின் என்க.

கதையின் சுருக்கம் இது: அப்துல் காலிக் என்னும் இளைஞன் நண்பனொருவனது காதல் மணத்திற்கு உதவுதற்பொருட்டு வானூர்தியில் வருகின்றான். அன்று நிகழும் அரசியல் மாநாட்டில் முதலமைச்சரைக் கொன்று, அப்பழியை ஒரு சமயத்தார்மேற் சுமத்திக் கலவரம் விளைக்கச் சிலர் சூழ்ச்சி செய்துள்ளனர். அச்சூழ்ச்சியை நடத்துபவன் தனுஷ்கோடி என்னும் காவல் அதிகாரி. காலிக் இறக்குந்தோறும் அந்நாள் மீண்டும் தொடக்கத்திலிருந்து நிகழ்கின்றது. அவன் வானூர்தியிற் கண்விழிக்கின்றான். ஏனையோர்க்கு அது புதுநாள். அவனுக்கோ முன்னரே கண்டு கழிந்த நாள். ஆகவே இனி வருவதெல்லாம் அவனுக்கு வெளிப்படை. பின்னர்த் தனுஷ்கோடிக்கும் அவ்வறிவு வாய்த்துவிடுகின்றது. வருவதறிந்தார் இருவர், ஒருவன் கொலையைத் தடுக்க முயல்கின்றான், மற்றவன் அதனைத் தவறாது முடிக்க முயல்கின்றான்.

இப்படத்தின் சிறப்பு இவ்வமைப்பிலேயே உளது. வருவதறியும் ஆற்றல் வாய்ப்பின் மாந்தர் நல்லராவர் என்பதே உலகோர் எண்ணம். அவ்வாற்றலை நல்லான் ஒருவனுக்கே கொடுத்திருப்பின் இப்படமும் அவ்வெண்ணத்தை வழிமொழிந்ததாய் முடிந்திருக்கும். தீயவனுக்கும் அதனை ஒப்பக் கொடுத்தமையால், அறிவு ஒன்றாயிருந்தும் செயல் இரண்டாயது எதனால் என்னும் வினா காண்போர் உள்ளத்தில் எழுகின்றது. விளக்கொளி நூல் கற்பானுக்கும் துணை, கன்னமிடுவானுக்கும் துணை, ஒளியிற் குற்றமில்லை. வேறுபாடு விளக்கேந்திய உள்ளத்தின்கண்ணது.

இனி, இவ்வறிவு எங்ஙனம் வந்தது என்பதற்குப் படம் கூறும் காரணத்தை நோக்குவாம். காலிக், உச்சயினி நகரிற் கலவரம் மூண்டபொழுது காலபைரவர் கோயிலிற் பிறந்தவன் என்றும், காலத்திற்குத் தலைவராகிய அப்பெருமானது தொடர்பால் இந்நிலை வாய்த்தது என்றும் படம் குறிக்கின்றது. இசுலாமியத் தாய் ஒருத்திக்குச் சிவாலயம் புகலிடமாயிற்று என்னும் இப்பகுதி போற்றத்தக்கது. ஆயின், காலபைரவரைக் குறித்த கருத்து இங்கே மிகக் குறுகிவிட்டது. நாழிகையைத் திரும்பச் சுழற்றும் ஆற்றலே அவர்பாற் கண்டதன்றி, அச்சுழற்சியினின்றும் உயிரை விடுவிக்கும் அருளை இயக்குநர் கண்டிலர். திருக்கடவூரில் மார்க்கண்டேயர்பொருட்டுக் காலனை உதைத்த பெருமானை நாம் காலகாலன் என்று வழுத்துவது, காலத்தைக் கடிகாரம்போல் முன்னும் பின்னும் திருப்பினமையால் அன்று. அடைந்தாரைக் காலத்திற்கு அப்பாலாக்கினமையால் என்க.

காலமாவது யாது? அசுத்த மாயையினின்றும் தோன்றும் வித்தியா தத்துவங்களுள் ஒன்று அது. இறந்த காலம் எல்லையையும், நிகழ்காலம் பயனையும், எதிர்காலம் புதுமையையும் தருவன. காலமே கடவுள் என்பாரை மறுக்குமிடத்து அருணந்தி சிவாசாரியார், காலம் சடமென்றும் முதல்வன் செலுத்த நின்றே தொழிற்படுமென்றும் தெளிவித்தார். காலம் மாயையின் காரியமாகவே, காலத்தின் வழி நின்று கண்ட காட்சி நேற்றைக் கண்டதாயினும் நாளையைக் கண்டதாயினும் பாசஞானமேயாம். நூறு நாட்களை முன்னரே கண்டாலும் கண்டது தளையின் நீளத்தையன்றித் தளை அறும் இடத்தையன்று.

அற்றேல், காலிக் கொலையைத் தடுத்தது ஊழை மாற்றியதாகாதோ, நியதி என்னும் தத்துவம் பழுதுபடாதோ எனின், அற்றன்று. நியதி அவரவர் செய்த வினைப்பயனை அவரவரே நுகருமாறு வரையறுத்து நிற்பது. இப்பொழுது செய்யப்படும் வினையோ ஆகாமியம். கொலைஞன் ஓங்கிய கையைத் தடுத்தல் தடுப்பான் ஈட்டும் நல்வினை. அதனை ஊழ் தடையென்று கூறிக் கைகட்டி நிற்றல் சித்தாந்தம் ஆகாது. சோம்பலுக்குச் சமயத்தின் பெயர் இட்டதாகும்.

படத்தின் பெருங்குறை இவ்விடத்தேதான் தோன்றுகின்றது. நாள் மீண்டும் தொடங்கியவுடன் முன் நிகழ்ந்தவை அனைத்தும் துடைத்தெறியப்பட்டன என்று படம் கொள்கின்றது; முந்திய சுற்றில் இறந்தார் எழுகின்றனர், காண்போரும் நகைக்கின்றனர். வினை மனம், மொழி, மெய் என்னும் மூன்றானும் ஈட்டப்படுவது; செய்தானைப் பற்றி நிற்பது. உலகம் மறந்தாலும் செய்த உயிரிடத்து அஃது அழிவதில்லை. இதற்குப் படமே சான்றாகின்றது. ஒவ்வொரு சுற்றிலும் தனுஷ்கோடியின் கொடுமை முன்னையினும் முதிர்கின்றது. காலிக்கின் துணிவும் இரக்கமும் முதிர்கின்றன. நாள் பழையதே, உயிர்கள் பழையனவல்ல. துடைக்கப்பட்டது சுவரெழுத்து, உள்ளத்தெழுத்தன்று. சூர்யாவின் நடிப்பு இம்முதிர்ச்சியைத் தெளிவாகக் காட்டியிருந்தும், கதையமைத்தார் அதன் பொருளை ஆராயாது விரைந்து சென்றுவிட்டார்.

வருவதறிந்திருப்பின் மாந்தர் தீமையை விலக்கிக்கொள்வர் என்பது வெறுங்கூற்றே என்பதற்குத் திரைப்படத்திற்கு வெளியே, நம் நாட்டிலேயே சான்றுளது. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த பகுதியிலும் செங்கற்பட்டு மாவட்டத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து இருபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டு, 2024 ஜூன் மாதத்தில், கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் அதே நஞ்சு அறுபதின்மருக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. மேற்கே கல்வராயன் மலையிற் சாராய ஊறல் அழிக்கப்பட்ட செய்தி நாளிதழ்களில் இடையறாது வந்துகொண்டிருந்த பகுதி அது. அங்கே என்ன நேரும் என்பதை அறியப் பைரவர் கோயிலிற் பிறந்தான் ஒருவன் வேண்டியதில்லை. முன்னாண்டு நிகழ்ந்ததே பின்னாண்டிற்குக் காட்சியாயிருந்தது. விற்றான் ஊதியத்தையே கண்டான்; குடித்தான் அன்றைய அயர்வு தீர்வதையே கண்டான்; நாமோ நாளிதழை மடித்து வைத்தோம். தாயையும் தந்தையையும் ஒருங்கே இழந்த சிறாரும் அவ்வூரில் உளர். ஆகவே குறை காட்சியின்கண் அன்று. கண்டதனைத் தன்னுயிர்க்கு உற்றதாகக் கொள்ளும் அன்பின்கண் என்பது போதரும்.

அக்கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் வடகிழக்கே பெண்ணையாற்றங்கரையில் விளங்குவது திருக்கோவலூர் வீரட்டம். அட்டவீரட்டங்களுள் அந்தகனை அழித்த தலம் அது. அந்தகன் என்னும் சொற்குக் குருடன் என்பது பொருள். அவன் உடலினின்றும் சிந்திய குருதித்துளிதோறும் வேறு வேறு அசுரர் தோன்றினர் என்பது புராணம். ஆணவ இருளால் ஒரு வினை செய்ய, அதினின்றும் பல வினைகள் கிளைத்தெழும் முறைமையை இது குறிப்பதாகக் கொள்ளலாம். அவ்விருள் நாளையை அறியாத இருளன்று. பிறனுயிரைத் தன்னுயிர்போற் காணாத இருள். இறைவனது சூலம் பாய்ந்தது அவ்விருளின்மேல்.

அவ்வூரிலிருந்து மலாடர் நாட்டை ஆண்ட மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றை இப்படத்தோடு ஒப்பு நோக்குக. போரில் வெல்லமாட்டாத முத்தநாதன் நீறு பூசிச் சடைதாங்கி, ஏட்டுக்கட்டினுள் ஆயுதத்தை மறைத்து, ஆகமநூல் உரைப்பான்போல் இரவில் உட்புகுந்து நாயனாரைக் குத்தினான். வாளோடு பாய்ந்த தத்தனை நாயனார் தடுத்தார். தடுத்ததோடு அமைந்தாரல்லர். செய்தி பரவினால் நகரமாந்தர் சினந்தெழுந்து முத்தநாதனைக் கொல்வர் என்பதைக் குருதி வடியும் அந்நிலையிலேயே உணர்ந்து, அவனை இடையூறின்றிக் கொண்டுபோய்விடுமாறு தத்தனைப் பணித்தார். அவ்வாறே வழியில் மாந்தர் சூழ்ந்தனர். தத்தன் அரசராணை கூறி விலக்கினான். அவன் மீண்டு வந்து உரைக்குமளவும் உயிர் தாங்கியிருந்தார் நாயனார்.

இதுவே உண்மையான வருவதறிதல். எந்திரத்தால் வந்ததன்று, நாள் மீண்டமையால் வந்ததன்று. திருவேடத்தின்பால் வைத்த பேரன்பினால் வந்தது. தம்மைக் குத்தியவனுக்கு அடுத்த நாழிகையில் நேரவிருந்த தீங்கை அவ்வன்பு கண்டது, கண்டவுடன் காத்தது. காலிக் பல நாட்களைச் சாவின்வழியே கடந்து கற்றுக்கொண்டதனை நாயனார் ஒரே நாழிகையிற் செய்து முடித்தார். படத்தின் நாயகன் பிறரைக் காக்க முனையுமிடங்களில் நம் உள்ளம் உருகுவதும் இவ்வன்பின் சாயல் அவன்பால் தோன்றுதலாலன்றி, அவன் காலத்தை வென்றமையாலன்று.

திருமறைக்காட்டில் நாவரசர் கோள்நிலை நன்றன்று என்று உரைத்தபொழுது ஞானசம்பந்தப் பிள்ளையார் கோள்களை இல்லையென மறுத்தாரல்லர். நாளும் கோளும் அடியார்க்கு நல்லனவே என்று கோளறு பதிகம் பாடி மதுரைக்கு எழுந்தருளினார். நாளையை அறிதல் அவர்க்குத் துணையாகவில்லை. நாளைக்கும் உடையான் உள்ளத்தே நின்றமை துணையாயிற்று.

‘மாநாடு’ காணத்தக்க படமே. வருவதறிதல் ஒன்றே உயிரை உய்விக்காது என்பதைத் தானறியாமலே நிலைநாட்டியமைக்காக அதனை வரவேற்கலாம். ஆயின் அதனைக் கண்டு வீடு திரும்பும் அன்பர், நாளை என்ன நேரும் என்று வினவுவதை விடுத்து, நேற்றே கண்டதனை இன்று என் செய்தேன் என்று தம்மைத் தாமே வினவுவாராக. கருணாபுரத்துச் சிறார் நம்பாற் கேட்பதும் அவ்வினாவே. வருவது காண்டல் கண்ணின் தொழில்; மெய் காண்டல் அன்பின் தொழில். அவ்வன்பை நம்பால் விளைத்தல் திருவருளின் தொழில்.

திருச்சிற்றம்பலம்.