பெயரில்லாத நட்சத்திரம்

1944 ஏப்ரலில் நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியப் படைகளின் தலைமையகத்தை டில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். பேராதனைப் பூங்காவில் அலுவலகங்கள் எழுந்தன. பர்மாப் போர் அங்கிருந்து நடத்தப்பட்டது.

அந்தப் போருக்கான பர்மா நட்சத்திரம் என்ற பதக்கத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. ஆறு முனைகள், நடுவில் கிரீடத்தோடு ஆறாம் ஜோர்ஜின் முத்திரை எழுத்து. ரிப்பன் அதைவிட அழகு: நடுவே அகலமான சிவப்பு, இருபுறமும் கருநீலம், அந்த நீலத்துக்குள் ஒரு செம்மஞ்சள் கோடு.

முதல் உலகப் போர்ப் பதக்கத்தின் விளிம்பில் வீரரின் இலக்கமும் பெயரும் இருக்கும். இந்த நட்சத்திரத்தைப் பிரித்தானிய வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். இந்தியப் படையினருக்குப் பொறித்தார்கள். பெயரில்லாத நட்சத்திரம் யாருடையது என்பதைக் கூட வந்த காகிதம்தான் சொல்லும்: படைச் சம்பளப் புத்தகம், விடுவிப்புச் சான்று, பதக்கப் பெட்டியின் முகவரி. பதக்கத்தை மட்டும் வாங்கிக் காகிதத்தை விட்டுவருவது பாதி மனிதரை விட்டுவருவதுதான்.

கண்டிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் கிழக்கு ஆப்பிரிக்கப் படைவீரர்களும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அவர்களுடைய 11ஆவது டிவிஷன் இலங்கையில் பயிற்சி பெற்றே பர்மா போனது. அதன் சின்னம் காண்டாமிருகத் தலை. அந்தச் சின்னம் தைத்த சட்டை எந்த அலுமாரியிலாவது கிடைத்தால் தயவுசெய்து துவைக்காதீர்கள். பதக்கத்தோடு வரும் காகிதத்தைப் போலவே கறையும் பழைய தையல் நூலும்கூட ஆதாரங்கள்.