நெடுவாக்கியமும் தோட்டப்புற வாசகரும்

புனைகதைகளில் வரும் நெடிய, சிக்கலான வாக்கியங்கள் உழைக்கும் வாசகருக்கு எட்டாதவை. ஆதலால் மக்கள் இலக்கியம் சிறு வாக்கியங்களிலேயே அமைதல் வேண்டும் என்பது முற்போக்கு அணியினர் சிலரிடையே வேரூன்றிய கருத்தாகும். பதுளை, மொனராகலைத் தோட்டப்புறங்களை மனங்கொண்டு இதனைப் பரிசீலிப்போம்.

முதற்கண், நீளமும் கடினமும் ஒன்றல்ல. “பிரட்டுக்குப் போய், மலையேறி, கொழுந்தெடுத்து, மடுவத்தில் நிறுவைக்குக் கொடுத்து, இருட்டிய பின் லயத்துக்குத் திரும்பினாள்” என்னும் வாக்கியத்தில் வினையெச்சங்கள் நிகழ்ச்சியொழுங்கிலேயே தொடர்கின்றன. கதையும் ஒப்பாரியும் கேட்டு வளர்ந்த செவிக்கு இது பழகிய நடை. “அவள் பறித்த கொழுந்தை நிறுவை செய்த கணக்கப்பிள்ளை குறித்த தொகையை மாற்றிய துரை” என்பதோ வேறு. பெயரெச்சங்கள் அடுக்கி வர, யாரைப் பற்றிய பேச்சு என்பது இறுதிச் சொல்லிலேயே வெளிப்படுகின்றது. அதுவரை அனைத்தையும் வாசகர் நினைவில் தாங்க வேண்டும்.

இவ்வாற்றல் பிறவிக்கொடையன்று, பயிற்சியால் வருவது. பயிற்சிக்குப் பள்ளியும் நூலும் ஓய்வும் தேவை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில்தான். எனவே தடை வாசகரின் அறிவிலன்று, சமூக உறவுகளிலேயே உள்ளது.

பதுளை மாவட்டத்திற் பிறந்த தெளிவத்தை ஜோசப் (1934–2022), ‘காலங்கள் சாவதில்லை’ (1974) நாவலில் தோட்ட மக்களின் வாழ்வை அவர்தம் பேச்சுமொழியோடு இலக்கியமாக்கினார். அது வரலாற்றுத் தேவை. ஆயினும் பேச்சின் எல்லையே அம்மக்களது வாசிப்பின் எல்லையாகிவிடக் கூடாது.

மேற்காட்டிய இரண்டாம் தொடரைச் சிறு வாக்கியங்களாக உடைத்துப் பார்ப்போம். அவள் பறித்தாள். கணக்கப்பிள்ளை நிறுத்தார். அவர் தொகை குறித்தார். துரை மாற்றினார். ஒவ்வொரு செயலும் தனித்து நிற்கின்றது; பறித்த கையையும் கூலியைத் தீர்மானித்த கையையும் பிணைத்த உறவு தளர்ந்துவிடுகின்றது. அவ்வுறவைக் காப்பதற்காகவே நீளும் வாக்கியம் தன் கடினத்துக்கு நியாயம் பெறுகின்றது. மயக்கந் தருவதற்கு மட்டுமே நீள்வது அந்நியாயத்தைப் பெறாது. கோணங்கியின் ‘பாழி’ (2000) போன்ற நாவல்களையும் இவ்வளவுகோல் கொண்டே மதிப்பிடல் வேண்டும்.

இது இரசனைப் பிரச்சினை மாத்திரமன்று. மலையக மக்களை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் முதல் இன்றைய காணி ஆவணங்கள் வரை, அவர்தம் வாழ்வை நிர்ணயிப்பவை நிபந்தனை மேல் நிபந்தனை அடுக்கிய வாக்கியங்களே. நெடுவாக்கியத்தை எளிமையின் பெயரால் அவர்களிடமிருந்து விலக்குவது, அதிகாரத்தின் மொழியை அதிகாரத்திடமே விட்டுவிடுவதாகும். தோட்டத்து வாசகருக்கு வேண்டுவது குறுக்கப்பட்ட இலக்கியமன்று. சேர்ந்து உரக்க வாசித்து, எச்சந்தோறும் நின்று, பொருள் கொள்வதற்கான வாய்ப்பும் நேரமுமேயாம்.