வேதநாயகம் பிள்ளையின் சமய நெறியும் உரைநடைப் படைப்பும்

தமிழ் நாவலின் வரலாற்றை எழுதுவோர் மாயூரம் வேதநாயகம் பிள்ளையை (கி.பி. 1826-1889) முதற்கண் வைத்து எண்ணுவர். அவர்தம் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879ஆம் ஆண்டில் அச்சேறியது. கிறித்தவத் தமிழிலக்கிய வரலாற்றை எழுதுவோரும் அவரை விடுவதில்லை. ஆயின் அவர்கள் எடுத்துக்கொள்ளும் நூல்கள் வேறு. 'திருவருள் மாலை', 'திருவருள் அந்தாதி', 'தேவமாதா அந்தாதி', 'பெரியநாயகி அம்மை பதிகம்' ஆகிய சிறு நூல்களோடு அவர்கள் பெரும்பாலும் நின்றுவிடுவர். ஒருவர் எழுதிய நூல்கள் இங்ஙனம் இரு கூறாகப் பிரிந்து கிடப்பதனால், கத்தோலிக்கராகிய பிள்ளையவர்களின் சமயப் பற்று அவர்தம் உரைநடைக்கு யாது அளித்தது, யாதனை அளிக்கவில்லை என்னும் வினா போதிய அளவு ஆராயப்படவில்லை.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடியிற் பிறந்த பிள்ளையவர்கள், நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றி, 1857இல் முன்சீப் ஆனார். தரங்கம்பாடி, சீகாழி, மாயூரம் ஆகிய ஊர்களில் அப்பதவியை வகித்தார். இவ்வூர்களின் இயல்பு கருதத்தக்கது. தரங்கம்பாடி 1706 முதல் லுத்தரன் சபையினரின் நிலைக்களம். சீகாழி ஞானசம்பந்தர் பிறந்த பதி. மாயூரமோ திருவாவடுதுறை, தருமபுரம் ஆதீனங்களுக்கு அணித்தாக அமைந்த சைவத் தலம். திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக விளங்கிய மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவர்மீது 'குளத்தூர்க் கோவை' பாடினார். சைவப் பெரும்புலவர் ஒருவர் கத்தோலிக்க முன்சீப்பைப் பாட்டுடைத் தலைவராக்கிக் கோவை பாடினார் என்பது அக்காலத் தமிழுலகின் நிலையை நமக்கு நன்கு காட்டும்.

பக்தி நூல்களில் பிள்ளையவர்கள் வீரமாமுனிவர் வகுத்த வழியிற் செல்கின்றார். கோணான்குப்பத்து மாதாவுக்குப் 'பெரியநாயகி' என்று பெயரிட்டவர் முனிவர். அப்பெயரோ தஞ்சைப் பெரிய கோயிலின் அம்மைக்கும் உரியது. அந்தாதியும் பதிகமும் ஆழ்வார் நாயன்மார் காலந்தொட்டு வருபவை. ஆதலின் இந்நூல்களில் யாப்பும் பெயரும் பொது; வழிபடப்படுபவர் மட்டும் ஐயத்திற்கு இடமின்றிச் சிறப்பு.

ஏனைய நூல்களில் நிலைமை மாறுகின்றது. 'நீதி நூல்' (1859), 'பெண்மதி மாலை' (1869), 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' (1878), நாவல்கள் ஆகியவற்றில் கடவுள் பெரிதும் சமயப் பெயர் சுட்டப்பெறாமல் ஒருவராகவே நிற்கின்றார். சைவ வாசகரை இழக்க அஞ்சியமையே இதற்குக் காரணம் என்பார் உளர். சமயப் பற்றின் தளர்ச்சி என்பாரும் உளர். இரண்டும் பொருந்தா. அஞ்சியவராயின் தேவமாதாவுக்குத் தம் பெயரோடு அந்தாதி பாடியிரார். பற்றுத் தளர்ந்தவராயின் 'சத்திய வேதக் கீர்த்தனை' என ஒரு நூலைத் தனியே செய்திரார். சத்திய வேதம் என்பது தமிழ்க் கத்தோலிக்கர் தம் சமயத்தைக் குறிக்க வழங்கிய தொடர். கீர்த்தனை என்னும் ஒரே வடிவில், எல்லாச் சமயத்தார்க்கும் ஒரு நூல், தம் சபையார்க்கு ஒரு நூல் என அவர் தெளிந்தே பிரித்தார்.

இப்பிரிவுக்கு அவர் சமயத்திலேயே இடமுண்டு. கடவுள் உண்மையை மனிதர் இயற்கை அறிவின் ஒளியாலேயே உறுதியாக அறிய இயலும் என 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. பிள்ளையவர்கள் அதனைப் படித்தார் என்று நாம் கூறவேண்டுவதில்லை; 'நீதி நூல்' அதற்குப் பதினோராண்டு முற்பட்டது. வெளிப்பாட்டால் அறிவன ஒருபுறமும், அறிவால் அறிவன மற்றொருபுறமும் என வகுக்கும் மரபு கத்தோலிக்கக் கல்வியில் நெடுங்காலமாக உண்டு. பல சமயத்தார் வழக்கையும் ஒரே சட்டத்தால் தீர்க்கும் நடுவர்க்கு அவ்வகுப்பு இயல்பாகவே கைவந்திருக்கும். 1865இல் சங்கம் நிறுவிய இராமலிங்க அடிகளும் 'சமரசம்' என்னும் சொல்லை ஆண்டார். எனினும் அடிகளின் சமரசம் சமயங்களைக் கடந்து செல்வது. பிள்ளையவர்களோ தம் சமயத்தினின்று ஓரடியும் பெயராமல் பொதுமன்றில் நின்று பேசினார். சொல் ஒன்றாதல் கண்டு இருவரையும் ஒரு நெறியினராக்குதல் ஆய்வாளரிடையே காணப்பெறும் விரைவு.

இனி, நாவல் இந்நிலைக்குக் கொடுத்த விலையை நோக்குவோம். முதன்மை மாந்தரைக் குற்றமற்ற நல்லோராகப் படைத்தமைக்கு ஆங்கில அறிஞர் ஜான்சனின் கருத்தையே முன்னுரையில் அவர் துணையாகக் காட்டுகின்றார். பிரதாபன் இளமையிற் செய்யும் பிழைகள் நகைச்சுவைக்கு உரியன. ஆசிரியர், செல்வன் மகனை அடிக்க இயலாமையால் அவன் குற்றத்திற்கு உடன் பயிலும் கனகசபையை அடிக்கும் நிகழ்ச்சியைப் படித்தோர் மறவார். குற்றமற்றவன் ஒருவன் பிறனுடைய குற்றத்திற்குத் தண்டனை ஏற்றல் என்பது கிறித்தவ சமயத்தின் நடுநாயகமான செய்தி. சிலுவையை நாள்தோறும் வணங்கிய ஒருவர் அந்நிகழ்ச்சியை எழுதுங்கால் அது உள்ளத்தில் எத்துணை அதிர்வை எழுப்பியிருத்தல் வேண்டும்! ஆயின் நாவலில் அது முறைகேடாக மட்டுமே காட்டப்படுகின்றது. குற்றம் செய்தவனே தண்டனைக்கு உரியவன் என்னும் நடுவர் நோக்கு அங்கே எழுதுகோலைப் பிடித்திருக்கின்றது. பிறர் பெற்ற அடி பிரதாபனின் மனச்சான்றில் ஆறாப் புண்ணாகத் தங்கி, பின்னைய கதையை இயக்கவில்லை. ஞானாம்பாள் ஆண்வேடத்தில் அரசேற்று முறை செய்யும் பகுதிகள் கூர்மையும் துணிவும் உடையன. அங்கும் நாம் காண்பது நீதியே. பாவம், மனவருத்தம், மன்னிப்பு என்னும் தொடர் தரக்கூடிய உட்போராட்டம் நாவலில் வேர்கொள்ளவில்லை. இருபதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாவலாசிரியர் மோரியாக், தம் கத்தோலிக்க நெறியினின்று முதன்மையாக எடுத்துக்கொண்டது இதனையே. பிள்ளையவர்களைக் கடந்து தமிழ் நாவல் அகமுகமாகத் திரும்பப் பல்லாண்டு ஆயிற்று.

அவ்வுணர்வு அவரிடம் இல்லாமல் இல்லை. 1876-78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டு மக்களுக்குக் கஞ்சி வார்த்தவர் அவர். பஞ்சத்தைப் பற்றிய கீர்த்தனைகளில் அவர் இறைவனிடம் முறையிடுகின்றார். நல்லோர் வாழ்வர், தீயோர் வீழ்வர் என்னும் நாவலின் அறக்கணக்கில் குற்றமற்ற ஏழையர் பசியால் மடிந்தமைக்கு இடமில்லை, கீர்த்தனையில் இடமுண்டு. பிரார்த்தனைப் பாடல்களில் பாடுவோன் தன்னைப் பாவி எனச் சொல்லிக் கொள்ளவும் கூசுவதில்லை. பஞ்சம் நீங்கிய மறுஆண்டு வெளிவந்த நாவலையும் அதற்கு முந்திய ஆண்டின் கீர்த்தனைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்போர்க்கு, நகைமுகங் கொண்ட உரைநடையாசிரியரும் நள்ளிரவில் இரந்து நிற்கும் அடியவரும் ஒருவர்தாமா என்னும் ஐயம் எழும். நாவலை இலக்கிய வகுப்பிலும் கீர்த்தனைகளை இசையரங்கிலும் விட்டுவைக்கும் வழக்கம் நீங்கினாலன்றி இவ்விருவரையும் ஒருங்கே காண்பது அரிது.